16 வயதில் ஆர்சனல் சட்டை: செஸ்க் ஃபாப்ரெகாஸ் பற்றி எங்கட பெடியள் கேட்கிற கேள்விகள்

யாழ்ப்பாணம் குருநகர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் கிழமையில் நாலு நாள் பின்னேரம் 14 வயதுக்கு உட்பட்ட பெடியளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். அவர்களுக்கு இந்தக்கால நட்சத்திரங்களான யமாலையும் பெலிங்கமையும் தெரியும். நான் உதாரணம் காட்டத் தொடங்கினால் கடைசியில் வந்து நிற்பது செஸ்க் ஃபாப்ரெகாஸிடம்தான். "ஆர் அண்ணை அவர்?" என்பதில் தொடங்கி, கூட்டிக்கொண்டு போக வருகிற தாய்மாரின் "என்ர பிள்ளையும் அப்பிடிப் போகலாமோ?" வரைக்கும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எனக்குத் தொண்டைத்தண்ணி மிச்சம்.

ஆர் அண்ணை இந்த ஃபாப்ரெகாஸ்?

1987 மே 4 அன்று ஸ்பெயினின் கற்றலோனியாவில், ஆரெனிஸ் டி மார் என்ற கடற்கரை ஊரில் பிறந்த மத்தியகள வீரர். ஆர்சனல், பார்சிலோனா, செல்சி, மொனாக்கோ, கடைசியாக இத்தாலியின் கோமோ ஆகிய கழகங்களுக்கு விளையாடினார். ஸ்பெயினுக்காக 110 ஆட்டங்கள், 15 கோல்கள். ஒரு உலகக் கிண்ணமும் இரண்டு ஐரோப்பியக் கிண்ணங்களும் கைவசம். 2023இல் ஓய்வு. மெஸ்சியும் பிக்கேயும் இவரும் ஒரே வருடத்தில் பிறந்து, ஒரே இளையோர் அணியில் ஒன்றாய் விளையாடியவர்கள் என்று சொன்னால்தான் பெடியள் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

முதன்முதலாக இறங்கியபோது உண்மையில் எத்தனை வயது?

16 வருடமும் 177 நாளும். 2003 ஒக்டோபர் 28, லண்டன் ஹைபரி மைதானம், லீக் கிண்ணத்தில் ரொதரம் யுனைட்டெட் அணிக்கு எதிரான ஆட்டம். மேலதிக நேரத்துக்குப் பிறகும் 1-1. சமநிலை தவிர்ப்பு உதையில் ஆர்சனல் 9-8 என்று தப்பிப் பிழைத்தது. ஆர்சனலின் முதல் அணிக்கு அதுவரை விளையாடியவர்களில் இவர்தான் ஆக இளையவர். அதே வருட டிசம்பரில் வோல்வ்ஸுக்கு எதிராக 5-1 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு கோல் போட்டு, கழகத்தின் ஆக இளைய கோல்காரரும் ஆனார். அறிமுகச் சாதனை ஏறத்தாழ 19 வருடம் நின்றது. 2022 செப்டெம்பரில் ஈதன் நுவானெரி 15 வயதில் இறங்கி அதை உடைத்தார்.

16 வயதும் 177 நாளும் என்றால் எங்கட ஊர்க்கணக்கில் சாதாரண தரப் பரீட்சைக்கு ரியூசன் ரியூசனாய் ஓடித்திரிகிற வயது.

பார்சிலோனா எப்படி இவரை விட்டது?

மத்தாரோ என்ற சின்னக் கழகத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை 10 வயதில் பார்சிலோனா தன் லா மாசியா பயிற்சிக்கூடத்துக்கு எடுத்தது. 2003 ஓகஸ்ட்டில் பின்லாந்தில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் அதிக கோல் போட்டவரும் இவர், சிறந்த வீரரும் இவர். இறுதியாட்டத்தில் மட்டும் பிரேசில் 1-0 என்று வென்றுவிட்டது. அடுத்த மாதமே லண்டன்.

காரணம் சிக்கலில்லை. பார்சிலோனாவின் முதல் அணியில் அந்த இடத்துக்குச் சாவி நின்றார், இனியெஸ்டா வந்துகொண்டிருந்தார். வரிசை நீளம். ஆர்சனல் பயிற்றுநர் ஆர்சன் வெங்கரோ இளையவர்களை இறக்கிப் பார்க்கப் பயப்படாத மனிசன். அதோடு, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயது நிரம்பியவரை வேறு நாட்டுக் கழகம் எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. இங்கிலாந்தும் அப்போது ஒன்றியத்துக்குள் இருந்தது. அந்தக் கதவால்தான் ஆர்சனல் உள்ளே போனது. அடுத்த வருடம் அதே கதவால் மான்செஸ்டர் யுனைட்டெட் பிக்கேயைக் கூட்டிக்கொண்டு போனது.

தாய் தகப்பன் இல்லாமல் தனியாகவோ போனவர்?

ஓம். மொழியும் பெரிதாகத் தெரியாது. கழகம் ஒரு வீட்டுக்கார அம்மாவின் வீட்டில் தங்கவைத்தது. கூட இருந்தவர் சுவிஸ் நாட்டுப் பின்கள வீரர் பிலிப் செண்டெரோஸ். செண்டெரோஸின் தகப்பன் ஸ்பெயின்காரர், ஆகவே வாய்விட்டுக் கதைக்க ஒரு ஆளாவது இருந்தது.

இந்தக் கேள்வியைப் பெடியள் கேட்கமாட்டார்கள், தாய்மார்தான் கேட்பார்கள். 16 வயதுப் பிள்ளையைத் தனியாக விமானம் ஏற்றிவிடுவது யாழ்ப்பாணத்துக்குப் புதுக்கதையில்லை. சண்டைக் காலத்தில் எத்தனை வீட்டில் அப்படி நடந்தது. விளையாட ஏற்றி அனுப்புகிற ஊரும் இருக்கிறதா என்று ஒரு அம்மா கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

தோற்காத ஆர்சனல் அணியில் இவரும் இருந்தவரோ?

இருந்தார், ஆனால் இல்லை. 2003-04 பருவத்தில் ஆர்சனல் 38 லீக் ஆட்டங்களில் 26ஐ வென்று 12ஐச் சமப்படுத்தியது, ஒன்றிலும் தோற்கவில்லை. ஃபாப்ரெகாஸ் அந்தப் பருவம் லீக் ஆட்டம் ஒன்றிலும் இறங்காததால் பதக்கம் கிடைக்கவில்லை. அடுத்த பருவம், 2004 ஓகஸ்ட் 25, பிளாக்பர்னுக்கு எதிரான 3-0 வெற்றியில் ஒரு கோல் இவருடையது. ஆர்சனலின் தோல்வி காணாத ஓட்டம் 43 ஆகி, நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டின் 42 என்ற பழைய சாதனையைத் தாண்டியது அந்த ஆட்டத்தில்தான். ஆளுக்கு அப்போது 17.

எலும்பும் தோலுமாய் இருந்தவர் எப்படிப் பெரிய ஆக்களுக்கு நடுவில் நின்றுபிடித்தார்?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. இதைச் சொல்லத்தான் ஃபாப்ரெகாஸை இழுக்கிறேன்.

2004-05 பருவத் தொடக்கத்தில் பற்றிக் வியேராவுக்குக் காயம், பிறகு ஜில்பெர்த்தோ சில்வாவுக்கும் காயம். நடுவில் ஆள் இல்லை. வெங்கர் 17 வயதுப் பெடியனை நிறுத்தினார். வியேரா ஆறடி தாண்டிய மலை. இவர் ஓட்டத்தில் கெட்டிக்காரரும் இல்லை, இடித்து விழுத்துகிறவரும் இல்லை. ஆனால் பந்து காலுக்கு வர முதலே தோளுக்கு மேலால் இரண்டு தரம் திரும்பிப் பார்த்திருப்பார். எவன் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் வெளி இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும். ஆகவே பந்து வந்ததும் யோசிக்க வேண்டியதில்லை, ஒரு தட்டு, முடிந்தது. இடிக்க வருகிறவன் வந்து சேரும்போது பந்து அங்கே இருக்காது. மெலிந்த உடம்புக்கு அதைவிடப் பெரிய கவசம் என்ன?

எங்கட மைதானத்தில் இதை நான் விரலால் பழக்குகிறேன். பெடியனுக்குப் பின்னால் பத்து அடி தள்ளி நின்று கையைத் தூக்கி விரல் காட்டுவேன். முன்னால் இருந்து பந்து வரும். கால் பட முதல் அவன் எண்ணைக் கத்த வேண்டும். போன சோளகக் காற்றுக் காலத்தில் வந்து சேர்ந்த ஒரு பொடியன், ஆகச் சின்ன உருவம், முதல் நாள் திரும்பிப் பார்த்த நேரத்தில் பந்து மூக்கில் அடித்து இரத்தம் வந்துவிட்டது. தாய் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத ஏலாது. மூன்றாம் கிழமை அதே பொடியன் "மூண்டு!" என்று கத்திக்கொண்டே, இடது பக்கம் பாய்ந்து வந்த பெரிய பெடியனை விட்டுவிட்டு வலது பக்கம் திரும்பினான். அந்தப் பெரியவன் புழுதியில் இருந்தான்.

சோளகமும் எனக்கு ஒரு உதவிப் பயிற்றுநர்தான். வைகாசியில் இருந்து அந்தக் காற்று பிடித்தால், தூக்கி அடித்த பந்து றோட்டைத் தாண்டி ஆரோ ஒருவருடைய வளவுக்குள் போய் விழும். பந்தை எடுக்க மதில் ஏறி அலுத்துப்போனவன் தானாகவே நிலத்தோடு உருட்டிக் கொடுக்கப் பழகிவிடுவான்.

வியேரா போனபிறகு?

2005இல் இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் யுனைட்டெட்டைச் சமநிலை தவிர்ப்பு உதையில் வென்று எஃப்.ஏ. கிண்ணம். அந்தக் கோடையில் வியேரா ஜுவென்டஸ் போய்விட்டார், நடுக்களம் ஃபாப்ரெகாஸ் கையில். 2006 மார்ச்சில் சம்பியன்ஸ் லீக் காலிறுதியில் அதே வியேரா ஜுவென்டஸ் சட்டையில் ஹைபரிக்குத் திரும்பி வந்தார். வியேராவிடம் இருந்து ஆர்சனலின் பிரேஸ் பந்தைப் பறிக்க, அது முன்கள வீரர் ஹென்றிக்குப் போய், ஹென்றி கொடுக்க, 18 வயது ஃபாப்ரெகாஸ் கோல். இரண்டாம் பாதியில் இவர் கொடுக்க ஹென்றி கோல். 2-0. அந்த ஆட்டம் காணொளியாகக் கிடைத்தால் முழுதாகப் பாருங்கள், கோல்களை மட்டும் வெட்டிப் பார்க்காதீர்கள். அந்த வருட இறுதியாட்டத்தில் பாரிஸில் பார்சிலோனாவிடம் 2-1 என்று தோற்றார்கள்.

2008 நவம்பரில், 21 வயதில், அணித்தலைவர் பட்டி. 2010 மார்ச் 31 அன்று பார்சிலோனாவுக்கு எதிராகப் புயோல் விழுத்தி, கீழ்க்காலின் வெளி எலும்பு உடைந்த காலோடு தண்ட உதையை அடித்து 2-2 ஆக்கினார். பெடியளுக்கு இந்தக் கதை சரியான விருப்பம். நான் இதை வீரம் என்று சொல்லிக்கொடுப்பதில்லை. அவருக்கு அப்போது எலும்பு உடைந்தது தெரியாது. உங்களுக்கு நொந்தால் இருங்கள்.

பீட்சா எறிந்தது உண்மையோ?

உண்மை. 2004 ஒக்டோபரில் மான்செஸ்டர் யுனைட்டெட்டின் ஓல்ட் ட்ரஃபோர்டில் 2-0 என்று தோற்று, 49 ஆட்ட ஓட்டம் முடிந்த அன்று, மைதானத்தை விட்டுப் போகிற நடைபாதையில் நடந்த இழுபறியில் ஒரு துண்டு பீட்சா பறந்து அவர்களின் பயிற்றுநர் அலெக்ஸ் ஃபெர்குசன் மேலே விழுந்தது. எறிந்தது தான்தான் என்று ஃபாப்ரெகாஸ் 2017இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒப்புக்கொண்டார். 13 வருடம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். இலக்குத் தவறாத நீண்ட தூரப் பரிமாற்றம் என்று பெடியள் சொல்லுவார்கள்.

இளவயதில் தொடங்கினால் கெதியாய்த் தேய்ந்துபோவார்களோ?

தேயலாம். அதே ஆர்சனலில் ஜக் வில்ஷெயர் 2008இல் 16 வயதில் லீக் ஆட்டத்தில் இறங்கினார். பந்தோடு திரும்புவதில் ஃபாப்ரெகாஸையே மிஞ்சுவார் என்று நான் நினைத்தேன். கணுக்கால் காயம் மேலே காயம், 30 வயதில் ஓய்வு. ஃபாப்ரெகாஸ் 24 வயதில் ஆர்சனலை விட்டுப் போகும்போது 303 ஆட்டம் விளையாடி 57 கோல் போட்டிருந்தார். கடைசி இரண்டு மூன்று வருடம் அவரையும் தொடைப் பின்தசை படுத்தியது. ஆனால் அவருடைய விளையாட்டு வேகத்தை நம்பியிருக்கவில்லை. கண்ணை நம்பியிருந்தது. கால் தேயும், கண் அப்படிச் சீக்கிரம் தேயாது.

என் கதையையும் சொல்லுகிறேன். 17 வயதில் ஒரே மாதத்தில் பள்ளிக்கூட அணி, கழக அணி, ஊர் ஊராய் ஒளியூட்டி நடத்துகிற ஏழுபேர் சுற்றுப்போட்டி என்று மூன்றிலும் விளையாடினேன். முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியது. எண்ணெய் போட்டு நீவி, துணியால் இறுக்கிக் கட்டி, அடுத்த ஞாயிறும் இறக்கினார்கள். வேண்டாம் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்கும் மாரிக்குளிருக்கு அந்த முழங்கால் பேசும். ஆகவே கிழமைக்கு ஒரு ஆட்டத்துக்கு மேல் என் பெடியள் இறங்கினால் வீட்டுக்கே வந்து சண்டை பிடிப்பேன்.

ஸ்பெயினுக்கு இவர் முக்கியமானவரோ, சும்மா மாற்று ஆளோ?

இரண்டும்தான். சாவி, இனியெஸ்டா, ஷாபி அலொன்சோ, புஸ்கெட்ஸ் நிற்கிற அணியில் எவனுக்கும் மாற்று வீரர் வாங்கில்தான் இடம். ஆனால் வாங்கில் இருந்து எழும்பி வந்து காரியத்தை முடித்துவிடுவார். 2008 ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில் இத்தாலியை வெளியே அனுப்பிய கடைசித் தண்ட உதை இவருடையது. 2012 அரையிறுதியில் போர்த்துக்கலுக்கு எதிராகவும் அதே வேலை. அந்தப் பந்து கம்பத்தில் பட்டுத்தான் உள்ளே போனது. அந்தச் சுற்றுப்போட்டியில் முன்கள வீரரே இல்லாமல், இவரை அந்த இடத்தில் நிறுத்தி விளையாடிப் பார்த்தார் பயிற்றுநர் டெல் பொஸ்கே. இறுதியாட்டத்தில் இத்தாலியை 4-0 என்று அடித்தபோது சில்வாவின் முதல் கோலுக்குப் பந்தைப் பின்னுக்கு வெட்டிக் கொடுத்தவரும் இவர்தான்.

2010 உலகக் கிண்ண இறுதியாட்டம் எங்களுக்கு நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கியது. வாசிகசாலை ரீவிக்கு முன்னால் நாற்பது பேர், பாதிப்பேர் பாயில். 87ஆம் நிமிடம் அலொன்சோவுக்குப் பதிலாக ஃபாப்ரெகாஸ் இறங்கினார். இரண்டு மணி தாண்டி, பாதிக்குப் பாதி நித்திரையானபிறகு, 116ஆம் நிமிடம் நெதர்லாந்துப் பெட்டிக்கு வெளியே பந்து இவரிடம் வந்தது. எல்லாரும் நெரிபட்டு ஒரு பக்கம் ஓட, இவர் வலது பக்கம் தனியாக நின்ற இனியெஸ்டாவுக்குத் தட்டிவிட்டார். கோல். எல்லாரும் இனியெஸ்டாவுக்குக் கத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய விளையாட்டுக்காரர் மட்டும், "குடுத்தவனைப் பாருங்கோடா" என்றார்.

பார்சிலோனாவுக்குத் திரும்பினது சரியோ?

2011இல் திரும்பினார். சின்ன வயதில் கும்பிட்ட குவார்டியோலாவே பயிற்றுநர், அவர் போட்ட 4ஆம் இலக்கச் சட்டையே முதுகில். 151 ஆட்டம், 42 கோல், ஒரு லா லிகா, ஒரு ஸ்பெயின் மன்னர் கிண்ணம். எண்ணிக்கையில் குறையில்லை. ஆனால் ஆர்சனலில் முழுக்களமும் அவரைச் சுற்றி ஓடியது. இங்கே முன்னுக்கு, பின்னுக்கு, பக்கத்துக்கு என்று கிடைத்த இடத்தில் நின்றார். சொந்த வீட்டில் விருந்தாளி.

பிறகு செல்சி போனது துரோகமில்லையோ?

எங்கட ஊர் ஆர்சனல் ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. 2014இல் திருப்பி எடுக்கும் முதல் உரிமை ஆர்சனலிடம்தான் இருந்தது, வெங்கர் வேண்டாம் என்றுவிட்டார். பிறகு ஆள் எங்கே போனால் என்ன? முதல் பருவத்திலேயே 18 கோல்களுக்குப் பந்து கொடுத்து, ஆர்சனலில் கிடைக்காத பிரிமியர் லீக் பட்டத்தை 2015இலும் 2017இலும் இரண்டு தரம் எடுத்தார். 2019இல் இங்கிலாந்தை விட்டுப் புறப்படும்போது அவருடைய பிரிமியர் லீக் கணக்கில் 111 உதவிகள், அதாவது மற்றவர் கோலுக்குக் கொடுத்த பந்துகள். அவருக்கு மேலே ராயன் கிக்ஸ் மட்டும். பிறகு டி புரூய்ன இவரைத் தாண்டிவிட்டார்.

என்ர மகனுக்கு இப்ப 15. அடுத்த வருசம் வெளிநாட்டுக் கழகத்துக்கு அனுப்பலாமோ?

ஏலாது அக்கா. அன்பாகவே சொல்லுகிறேன்.

18 வயதுக்குக் கீழே உள்ள வீரர் நாடு விட்டு நாடு கழகம் மாறுவதை ஃபிஃபா தடுத்திருக்கிறது. விதிவிலக்குகள் சிலதான்: தாய் தகப்பன் விளையாட்டோடு சம்பந்தமில்லாத காரணத்துக்காக அங்கே குடிபெயர்வது, எல்லையோரத்தில் 50 கிலோமீற்றருக்குள் வசிப்பது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயது நிரம்பியிருப்பது போன்றவை. ஃபாப்ரெகாஸ் போனது கடைசிக் கதவால். பிரெக்சிற்றுக்குப் பிறகு, அதாவது பிரித்தானியா ஒன்றியத்தை விட்டுப் போனபிறகு, 2021இல் இருந்து, அந்தக் கதவும் இங்கிலாந்துக் கழகங்களுக்கு இல்லை. இன்றைக்கு ஒரு 16 வயது ஃபாப்ரெகாஸ் பார்சிலோனாவில் இருந்தால் ஆர்சனலால் தொடவே முடியாது. 18 ஆனபிறகும் இங்கிலாந்தில் வேலை அனுமதிக்குப் புள்ளிக் கணக்கு இருக்கிறது. தேசிய அணியின் தரம் அதில் பெரிய பங்கு. இலங்கை நிற்பது உலகத் தரவரிசையில் 190ஆம் இடத்துக்குப் பின்னாலே.

ஆகவே "ஐரோப்பாவில் சோதனை ஆட்டம், விசா எங்கட பொறுப்பு, முற்பணம் மட்டும் தாருங்கோ" என்று வருகிறவரை வாசலோடு அனுப்புங்கள். உண்மையான கழகம் பிள்ளையிடம் காசு வாங்கிச் சோதனைக்குக் கூப்பிடாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தோட்டக் காணியை ஈடுவைத்துக் கொடுத்தது. வந்தவருடைய தொலைபேசி மூன்றாம் மாதம் நின்றுபோனது.

கழகப் பெரியவர்களுக்கும் ஒரு விசயம். ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்துக்குள் நாடு விட்டு நாடு விலைபேசி மாற்றப்பட்டால், அந்தத் தொகையின் 5 வீதம் அவரை 12 வயதில் இருந்து 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பிரிந்து போகவேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு வருடத்துக்கும் மொத்த விலையின் 0.25 வீதம், பிறகு 0.5 வீதம். 10 வயதிலேயே ஃபாப்ரெகாஸை விட்டுக்கொடுத்த மத்தாரோவுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. பிள்ளையை ஒழுங்காகப் பதிவுசெய்து வைக்காத கழகத்துக்கும் கிடைக்காது. எங்கட பக்கம் அரைவாசிக் கழகத்தில் பதிவு என்பது செயலாளருடைய சட்டைப்பைக் கொப்பிதான்.

மகனை இப்போதைக்குப் பள்ளிக்கூட அணியில் விடுங்கள். பத்திரிசியார், இளவாலை ஹென்றியரசர், மகாஜனா என்று உதைபந்துக்குப் பெயர்போன பள்ளிகள் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. துரையப்பா விளையாட்டரங்கில் ஒரு நல்ல இறுதியாட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நடுக்களத்தில் நிற்கிறவனின் தலையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மற்றது, சாதாரண தரப் பரீட்சை எழுதட்டும்.

இப்ப என்ன செய்யிறார்?

மொனாக்கோவுக்குப் பிறகு 2022இல் இத்தாலியின் இரண்டாம் பிரிவில் இருந்த கோமோவுக்குப் போய், விளையாட்டோடு பங்குதாரரும் ஆனார். அங்கேயே இளையோர் அணிக்குப் பழக்கி, 2023 கடைசியில் சில ஆட்டங்களுக்கு முதல் அணியைப் பொறுப்பெடுத்தார். 2024இல் கோமோ 21 வருடம் கழித்து முதல் பிரிவுக்கு ஏறியது. அந்தக் கோடையில் இவர் தலைமைப் பயிற்றுநர். முதல் பருவத்திலேயே 10ஆம் இடம். ரியல் மட்ரிட்டில் இருந்து கூட்டிவந்த நிக்கோ பாஸ் என்ற 2004இல் பிறந்த பெடியனிடம் நடுக்களத்தைக் கொடுத்தார்.

அண்ணை, சட்டையில எந்த இலக்கம் அடிக்கிறது?

முதல் பருவம் ஆர்சனலில் அவருக்குக் கிடைத்தது 57. பிறகு 15. 2006இல் இருந்துதான் 4. இதைச் சொல்லி முடிக்க முதலே 4ஆம் இலக்கத்துக்கு ஆறு பேர் சண்டை. மூக்குடைந்த பொடியன் மட்டும் 57 கேட்டான். எங்கட சட்டைக்கு அச்சடிக்கிற கடைக்காரர், பெரிய எழுத்தில் ஒரு ஐந்தும் ஒரு ஏழும் சேர்த்து அடித்தால் அந்த முதுகில் இடம் போதாது என்றார். 15 அடித்துக் கொடுத்தோம்.